காணாக்கடியும் உண்ணிக்கடியும்

உடம்பெங்கும் திடீரென்று தடித்துச் சிவந்து அரிப்பெடுத்தால் நம் கிராமங்களில் அதைக் 'காணாக்கடி' என்பார்கள். கண்ணில் படாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்பது அதன் பொருள். வெற்றிலையில் மிளகு வைத்துத் தின்னச் சொல்வார்கள். வேப்பிலை கொண்டு மந்திரிப்பார்கள். மருத்துவமனைக்குப் போனால், "கடியும் இல்லை, ஒன்றும் இல்லை. இது ஒவ்வாமை. என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டு ஊசி போட்டு அனுப்புவார்கள். கடி என்றது ஊர். உணவு என்றது மருத்துவம். இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும் என்றே படித்தவர்கள் நெடுங்காலம் கருதி வந்தார்கள்.

கடியும் உணவும் ஒரே நோயில் சேர்ந்திருக்க முடியும் என்பதைக் கடந்த 20 ஆண்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. உண்ணி கடித்த சிலருக்கு, அதுவரை ஆண்டுக்கணக்காகச் சாப்பிட்டு வந்த ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் ஒத்துக்கொள்ளாமல் போய்விடுகின்றன. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி, ஸ்வீடன், ஜப்பான், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் இந்நோய் உறுதிப்பட்டுள்ளது.

வெளிநாட்டு நோயைப் பற்றிய செய்தி விவசாயப் பக்கத்தில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. உண்ணியை இன்றுவரை மாட்டுக்கு வரும் சில்லறைத் தொல்லையாகவே நாம் கருதி வருகிறோம். அது மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் மனிதருக்கும் பொதுவான பகை. அதை ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே ஒழிக்க முடியாது; ஊர் கூடித்தான் ஒழிக்க முடியும். இதை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய் கண்டுபிடிக்கப்பட்ட விதம்

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் வடக்கே கடலோரப் பகுதியில் உண்ணிக்கடி சாதாரணம். அங்கே ஒவ்வாமை மருத்துவராக இருந்த ஷெரில் வான் நூனன் என்ற அம்மையார், இறைச்சி ஒத்துக்கொள்ளாமல் தம்மிடம் வந்தவர்களை விசாரித்தபோது, அவர்களை முன்பு உண்ணி கடித்திருந்ததைக் கவனித்தார். 2009இல் தம் நோயாளிகள் 25 பேரைப் பற்றி அவரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதினார்கள். அவர்களில் 24 பேருக்கு உண்ணி கடித்த இடம் பெரிதாக வீங்கியிருந்தது.

அமெரிக்காவில் இந்த உண்மை வேறு வழியாக வெளிவந்தது. செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்தை நரம்பில் ஏற்றியபோது, முதல் ஊசியிலேயே சிலர் மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் இறங்கி, ஆபத்தான நிலைக்குப் போனார்கள். வடகிழக்கு மாநிலங்களில் இது அரிது. தென் மாநிலங்களான டென்னசியிலும் வட கரோலினாவிலும் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தது. ஒரே மருந்து ஊருக்கு ஊர் ஏன் வேறுபட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் 2008இல் விடை கண்டார்கள். அந்த மருந்து எலியின் உயிரணுக்களில் வளர்த்துத் தயாரிக்கப்படுவது. ஆகவே எலியின் உடலில் உள்ள 'ஆல்ஃபா-கேல்' என்ற ஒருவகைச் சர்க்கரை அதில் கலந்திருந்தது. மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தத்தில், அந்தச் சர்க்கரையை எதிர்க்கும் பொருள் முன்னதாகவே உருவாகியிருந்தது. அதே சர்க்கரை ஆட்டிறைச்சியிலும் மாட்டிறைச்சியிலும் இருக்கிறது. நோய் மிகுந்த மாநிலங்களின் வரைபடமும், 'லோன் ஸ்டார்' என்ற உண்ணி பரவியிருக்கும் இடங்களின் வரைபடமும் பெரும்பாலும் ஒன்றாக இருந்தன.

அந்த விஞ்ஞானியே இதற்கு ஒரு சாட்சியானார். 2007இல் மலைப்பாதையில் நடந்து போனபோது அவரை ஏராளமான உண்ணிக் குஞ்சுகள் கடித்துவிட்டன. பின்னர் ஒரு நாள் ஆட்டுக்கறி சாப்பிட்டார். சில மணி நேரம் கழித்து, இரவில், உடலெங்கும் தடிப்பு எழும்பியது. உண்ணி கடித்த பிறகு தம் ரத்தத்தில் எதிர்ப்பொருள் எப்படி ஏறியது என்பதை அவரே அளந்து வெளியிட்டார்.

இன்று இந்நோய் அங்கே அபூர்வமானது அல்ல. 2010 முதல் 2022 வரை 1,10,000 பேருக்கு மேல் ரத்தப் பரிசோதனையில் நோய்க்குறி தென்பட்டதாகவும், மொத்தத்தில் 4,50,000 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் 2023இல் மதிப்பிட்டது. நியூ ஜெர்சி மாநிலத்தில் 2024இல் மாட்டிறைச்சி சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் ஒருவர் இறந்தார். அது இந்நோயால் நேர்ந்த முதல் மரணமாக 2025இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று.

மனிதருக்கு இல்லாத சர்க்கரை

ஆடு, மாடு, எருமை, பன்றி, முயல், எலி ஆகிய பாலூட்டிகளின் உடலில் ஆல்ஃபா-கேல் இயற்கையாக உண்டு. மனிதருக்கும், மனிதக் குரங்குகளுக்கும், நம் நாட்டுக் குரங்குகளுக்கும் அது கிடையாது. கோழி, வாத்து போன்ற பறவைகளிலும் மீனிலும் முட்டையிலும் அது இல்லை.

இந்தப் பொருள் வாய் வழியாக வயிற்றுக்குப் போகும்வரை பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. தோல் வழியாக, உண்ணியின் எச்சிலோடு நுழையும்போதுதான் நிலைமை மாறுகிறது. உண்ணி கொசுவைப் போலக் கடித்துவிட்டு உடனே பறந்துவிடுவதில்லை. வாயைத் தோலில் ஊன்றி, சிமெண்டு போன்ற ஒரு பசையால் தன்னை ஒட்டிக்கொண்டு, நாள்கணக்கில் ரத்தம் குடிக்கிறது. அத்தனை நாளும் அதன் எச்சில் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது. உடல் அந்த எச்சிலைப் பகையாகக் கருதுகிறது. அதனோடு வந்த ஆல்ஃபா-கேலையும் பகைவர் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் உருவாகிக் காத்திருக்கிறது.

வீட்டு நாய் ஒரு முறை திருடனைக் கண்டுவிட்டால், பிறகு அதே நிறச் சட்டை போட்டு வரும் மாமன் மைத்துனனைக் கண்டும் பாய்கிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும். உண்ணியோடு வந்த பொருளை அடையாளம் வைத்துக்கொண்ட உடல், ஆட்டுக்கறியில் அதே பொருள் வந்தபோதும் பாய்கிறது. குற்றம் கறியில் இல்லை, கடியில் இருக்கிறது.

நேரம் ஏமாற்றும்

நிலக்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். இந்நோயில் அப்படி அல்ல. சாப்பிட்டு மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் பெரும்பாலும் தொல்லை தொடங்குகிறது. இறைச்சியின் கொழுப்போடு சேர்ந்திருக்கும் ஆல்ஃபா-கேல் மெதுவாகச் செரித்து ரத்தத்தில் கலப்பதே இதற்குக் காரணம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். கொழுப்பு மிகுந்த கறியும், ஈரல், கிட்னி போன்ற உள்ளுறுப்புகளும் கூடுதல் தொல்லை தருகின்றன.

நம் வீடுகளில் இது எப்படி நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கறிக்குழம்பு. நள்ளிரவு ஒரு மணிக்கு உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் அரிப்பு, தடிப்பு, வயிற்று வலி, சிலருக்கு வாந்தி பேதி. கறிக்கும் அரிப்புக்கும் இடையே ஒரு தூக்கமே முடிந்துவிட்டது. யாருக்குக் கறியின் மேல் ஐயம் வரும்? கத்தரிக்காயைச் சொல்வார்கள்; கருவாட்டைச் சொல்வார்கள்; பாயில் ஏதோ கடித்தது என்பார்கள். உண்ணி கடித்ததோ அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு. அது யாருக்கும் நினைவிலேயே இராது. இன்னொரு குழப்பமும் உண்டு. ஒவ்வொரு முறை கறி சாப்பிடும்போதும் தொல்லை வருவதில்லை. ஒரு வாரம் வரும். ஒரு வாரம் வராது.

இதனால்தான் படித்த மருத்துவர்களும் இதைத் தவற விட்டார்கள். 2022இல் அமெரிக்காவில் 1,500 மருத்துவப் பணியாளர்களிடம் கேட்டபோது, 100க்கு 42 பேர் இந்நோயைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். அத்தனை நோயாளிகள் உள்ள நாட்டிலேயே நிலைமை இப்படி என்றால், நம் ஊர் மருத்துவமனையில் அவசரமாக ஊசி போட்டு அனுப்புகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம்தான் விவரத்தைச் சொல்ல வேண்டும்.

யார் ஐயப்பட வேண்டும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாக் காணாக்கடியும் உண்ணியால் வருவதல்ல. மருந்து மாத்திரை, கிருமித் தொற்று, கம்பளிப்பூச்சி, சில உணவுகள், காரணமே தெரியாத உடல்வாகு என்று தடிப்புக்குக் காரணங்கள் பல. பெரும்பாலான தடிப்பு தானாகவே அடங்கிவிடும்.

கீழ்க்கண்டவை சேர்ந்திருந்தால் மட்டும் இந்நோயை ஐயப்படலாம். ஆடு மாடு மேய்ப்பது, புல் அறுப்பது, உண்ணி பிடுங்குவது போன்ற வேலை செய்பவராக இருப்பது. உண்ணி கடித்த இடம் வாரக்கணக்கில் ஆறாமல் தடித்து அரித்திருப்பது. தடிப்போ வயிற்று வலியோ பெரும்பாலும் இரவில், காரணமின்றி வருவது. நாட்குறிப்பு வைத்துப் பார்த்தால் அதற்குச் சில மணி நேரம் முன்பு ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ சாப்பிட்டிருப்பது. கோழி, மீன் சாப்பிட்ட நாளில் தொல்லை இல்லாதிருப்பது. இத்தகையோர் மருத்துவரிடம், "என்னை உண்ணி கடித்தது உண்டு, கறி சாப்பிட்டு இத்தனை மணி நேரம் கழித்து வருகிறது" என்று தாமாகவே சொல்ல வேண்டும். ஆல்ஃபா-கேலுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. உள்ளதா என்பதை ரத்தப் பரிசோதனையால் அறிய முடியும்.

தடிப்போடு மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, நாக்கு உதடு வீக்கம், தலை சுற்றி விழுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது உயிருக்கு ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மிளகும் வெற்றிலையும் அந்த வேளையில் காப்பாற்றாது. உடனே 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நோய் உறுதியானவர்கள் ஆடு, மாடு, பன்றி இறைச்சியை நிறுத்தினால் போதும்; கோழியும் மீனும் முட்டையும் சாப்பிடலாம். பாலில் இப்பொருள் சிறிதளவு இருந்தபோதிலும் பெரும்பாலோருக்குப் பால் ஒத்துக்கொள்கிறது. சிலருக்கு மட்டும் பாலும், மாத்திரை உறையில் உள்ள ஜெலட்டினும் ஒத்துக்கொள்வதில்லை. மேற்கொண்டு உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொண்டால், சில ஆண்டுகளில் பலருக்கு எதிர்ப்பொருள் குறைந்து விடுகிறது. மீண்டும் கடித்தால் மீண்டும் ஏறுகிறது. ஆகவே இந்நோய்க்கு உண்ணியைத் தடுப்பதே முதல் மருந்து.

நம் ஊர் உண்ணிகள்

சின்ன காஞ்சிபுரத்தில் தறி ஓடும் வீடுகளின் பின்கட்டில் ஒரு பசு நிற்பது புதிதல்ல. ஓரிக்கை, செவிலிமேடு, அய்யங்கார்குளம் பக்கம் போனால், இரண்டு கறவையும் நாலு ஆடும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. ஏரிக்கரையும் வேகவதி, பாலாற்றுக் கரைகளும் எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல். அங்கே என் மாட்டிலிருந்து விழுந்த உண்ணியின் குஞ்சு உங்கள் ஆட்டில் ஏறும். தெரு நாயில் ஏறும். புல் அறுக்கும் பெண்ணின் காலில் ஏறும். இறைச்சி தொடாத வீடுகளும் இவ்வூரில் பல உண்டு. ஆனால் கடிப்பதற்கு முன் உண்ணி அதைக் கேட்பதில்லை.

நம் மாடுகளில் மிகுதியாகக் காணப்படுவது, பிறந்தது முதல் பருத்து விழும்வரை ஒரே மாட்டில் தங்கும் நீல நிற மாட்டு உண்ணி. அது மனிதரை அதிகம் நாடுவதில்லை. ஹயலோமா என்ற நீண்ட கால் உண்ணி சுவர் வெடிப்புகளில் ஒளிந்திருந்து மாட்டைப் பற்றும். ஆடுகளிலும் மேய்ச்சல் காடுகளிலும் உள்ள ஹீமாபைசாலிஸ் இனம், வளர்ச்சியின் ஒவ்வொரு பருவத்திலும் வேறு வேறு உயிர்களைப் பிடிக்கும், மனிதரையும் விடாது. நாய் உண்ணி வீட்டுச் சுவரிலேயே குடியேறி, வீட்டாரையும் சில வேளை கடிக்கும்.

உண்ணி மனிதருக்கு நோய் தருவது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. அடுத்துள்ள கிராமங்களில் விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் போனவர்களுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. காட்டு உண்ணியே அதைப் பரப்பியது என்று கண்டறியப்பட்டது. 'குரங்குக் காய்ச்சல்' என்று பெயர் பெற்ற அந்நோய் இன்றும் அங்கே தொடர்கிறது.

சில ஆண்டுகளாக நம் வட மாவட்டங்களில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று செய்தித்தாள்களில் அடிபடுவது வேறு. ஸ்க்ரப் டைபஸ் என்ற அந்தக் காய்ச்சலைப் பரப்புவது மாட்டு உண்ணி அல்ல. புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் கறுத்த புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டத் தவறக் கூடாது. தக்க மருந்து உண்டு. தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.

மாட்டுக்காரன் சொன்னதே சரியாயிற்று

உண்ணியால் விவசாயிக்கு ஏற்படும் நேரடி இழப்பு தொழுவத்தில்தான். ரத்தம் குறைந்து பால் குறைகிறது; தோல் ஓட்டையாகி விலை குறைகிறது. அதைவிடப் பெரிய இழப்பு தைலேரியா, பெபேசியா என்ற ரத்தக் காய்ச்சல்கள். நிணநீர்க் கட்டி வீங்கிக் காய்ச்சல் அடிப்பது முதலாவது. மூத்திரம் காப்பி நிறத்தில் போவது இரண்டாவது. நாட்டு மாடு ஓரளவு தாங்கும். கடன் வாங்கி வாங்கிய கலப்பினப் பசு தாங்காது; சில நாட்களில் விழுந்துவிடும். கடன் மட்டும் நிற்கும்.

மாட்டு நோயை உண்ணி பரப்புகிறது என்பதை உலகத்துக்கு முதலில் சொன்னவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், மாட்டுக்காரர்களே. அமெரிக்காவில் டெக்சாஸ் காய்ச்சல் என்று மாடுகள் மடிந்தபோது, உண்ணிதான் காரணம் என்று அவர்கள் சொன்னார்கள். வல்லுநர்கள் சிரித்தார்கள். 1893இல் தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் ஆகியோர் சோதனை செய்து, மாட்டுக்காரர் சொன்னதே உண்மை என்று நிறுவினார்கள். கடிக்கும் சிற்றுயிர் ஒன்று நோயைப் பரப்பும் என்பது உலகில் நிறுவப்பட்ட முதல் நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. 'காணாக்கடி' என்ற சொல்லைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மந்திரிப்பது பயன் தராது என்பது வேறு. ஊர் மக்கள் கவனித்துச் சொன்னதில் உண்மை இருக்கலாம் என்பது வேறு.

அதன் பிறகு அங்கே நடந்ததும் நமக்குப் பாடம். 1906இல் உண்ணி ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராக மருந்துத் தொட்டி கட்டி, எல்லா மாடுகளையும் குறித்த நாட்களில் முக்கி எடுத்தார்கள். ஒருவர் மாடு முக்காமல் விட்டாலும் பயனில்லை என்பதால் கட்டாயப்படுத்தினார்கள். எடுத்துச் சொல்லாமல் கட்டாயப்படுத்திய இடங்களில் சிறு விவசாயிகள் சினந்து தொட்டிகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆயினும் வேலை தொடர்ந்தது. 1943க்குள் மெக்சிகோ எல்லையோரப் பட்டை ஒன்று நீங்கலாக நாடு முழுவதும் மாட்டுக் காய்ச்சல் உண்ணி ஒழிந்தது. அவர்கள் பயன்படுத்தியது ஆர்சனிக் என்ற கொடிய நஞ்சு. அது நமக்கு வேண்டாம். ஊர் முழுவதும் ஒரே காலத்தில் செய்தார்கள் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஊர் கூடிச் செய்ய வேண்டியவை

மாட்டு உண்ணி மாட்டின் மேல் இருப்பது சுமார் மூன்று வாரம்தான். பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து 2,000 முதல் 3,000 முட்டை வரை இட்டுச் சாகிறது. குஞ்சுகள் புல் நுனியில் ஏறி, இரை கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. ஆகவே இன்று நீங்கள் மட்டும் மருந்தடித்தால், நாளை ஏரிக்கரையில் பக்கத்து வீட்டுக் குஞ்சுகள் ஏறிக்கொள்ளும். மருந்துச் செலவு வீண்.

பால் கூட்டுறவு சங்கமும் ஊராட்சியும் சேர்ந்து, கால்நடை மருத்துவரைக் கலந்து, ஊருக்கு ஒரு 'உண்ணி நாள்' குறிக்க வேண்டும் என்பது என் கருத்து. அன்று மாடு மட்டுமின்றி ஆடு, கன்று, வீட்டு நாய் எல்லாவற்றுக்கும் மருந்து இட வேண்டும். மூன்று வாரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். சந்தையில் புதிதாக வாங்கி வந்த மாட்டை மருந்திட்டு மூன்று வாரம் தனியே கட்டிய பிறகே மந்தையில் விட வேண்டும். கோமாரிக்கு முகாம் நடத்தி ஊர் முழுவதும் தடுப்பூசி போட முடிகிறது, உண்ணிக்கு முடியாதா?

மருந்தைப் பொறுத்தவரை சில எச்சரிக்கைகள். பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்தை மாட்டுக்கு அடிக்கக் கூடாது. கால்நடை மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், காது, வால் அடி, மடி, தொடை இடுக்கு விடாமல் அடிக்க வேண்டும். மிச்சம் பிடிக்க அளவைக் குறைத்தால் உண்ணி சாகாது; மருந்துக்குப் பழகிக்கொள்ளும். டெல்டாமெத்ரின் மருந்துக்குக் கட்டுப்படாத உண்ணிகள் இந்தியாவின் பல இடங்களில் பதிவாகியுள்ளன. ஐவர்மெக்டின் ஊசி போட்டால், மருத்துவர் குறிக்கும் நாள்வரை அந்தப் பாலைக் கறந்து விற்கவோ குடிக்கவோ கூடாது.

செலவில்லாத மூலிகை முறையும் உண்டு. பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி ஆகியவற்றை அரைத்து, ஒரு லிட்டர் நீரில் கலந்து வடிகட்டி, வெயில் உள்ள வேளையில் மாட்டின் உடலெங்கும் தெளிக்கலாம். உண்ணி நீங்கும்வரை வாரம் ஒரு முறை செய்ய வேண்டும். தொழுவத்துச் சுவர் வெடிப்பிலும் தெளிக்கலாம். உண்ணிச்செடி மாட்டின் வயிற்றுக்கு நஞ்சு. எனவே மீந்த சக்கையைத் தீவனத்தின் பக்கம் போடக் கூடாது.

தொழுவத்தின் சுவர் வெடிப்புகளைப் பூசிச் சுண்ணாம்பு அடிப்பதும், பழைய குப்பை கூளத்தைக் கூட்டி அப்புறப்படுத்துவதும், நாட்டுக் கோழிகளைத் தொழுவத்தில் மேய விடுவதும் நல்ல பழக்கங்கள். கீழே விழுந்த உண்ணியைக் கோழி பொறுக்கித் தின்னும்.

உடலில் உண்ணி ஏறினால்

மாலையில் மேய்ச்சலிலிருந்து வந்ததும் குளித்து, அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்குத் தாய்மார்கள் பார்க்க வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் பீடியால் சுடுவதும், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு தடவுவதும் கூடாது. அப்படிச் செய்தால் அது மேலும் எச்சிலை உள்ளே கக்கும். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும். பின் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மாட்டிலிருந்து பிடுங்கிய உண்ணியை விரல் நகத்தால் நசுக்குவதும் கல்லில் தேய்ப்பதும் நம் வழக்கம். இதை விட்டுவிட வேண்டும். அதன் ரத்தமும் எச்சிலும் கைப்புண்ணில் படக் கூடாது. ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் வைத்து அதில் போட்டால் போதும். புல் அறுக்கப் போகும்போது முழங்கால் வரை மூடும் உடை உடுத்துவது நலம்.

வதந்திக்கு இடம் கொடாதீர்

இத்தகைய செய்தி பாதியாகப் பரவினால் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். 2020இன் தொடக்கத்தில், கோழிக்கறியால் கொரோனா பரவும் என்ற ஆதாரமற்ற பேச்சால் நாமக்கல் பகுதிக் கோழிப் பண்ணையாளர்கள் பெரும் இழப்புக்கு ஆளானார்கள். நாளை, "ஆட்டுக்கறி தின்றால் தடிப்பு வரும்" என்று யாராவது கிளப்பிவிட்டால், நாலு ஆடு வைத்திருக்கும் விதவைத் தாயின் பிழைப்பு போகும். உண்ணி கடித்த ஆட்டின் கறியைத் தின்றால் இந்நோய் வருவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. உண்ணி மனிதரைக் கடித்தால்தான் வரும். அதுவும் கடிபட்டவர்களில் சிலருக்கே வரும். இறைச்சி உண்போரைப் பழிக்கவும் இதில் இடமில்லை. கறி உண்பதும் உண்ணாததும் அவரவர் வழக்கம்.

அரசுக்கும் இரண்டு வேண்டுகோள்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில், அடிக்கடி தடிப்பு வரும் விவசாயத் தொழிலாளர்களிடம் "உண்ணி கடித்ததா? நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்கும்படி மருத்துவர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். சுகாதாரத் துறையும் கால்நடைத் துறையும் தனித்தனியே நடத்தும் முகாம்களை, உண்ணியைப் பொறுத்தவரையிலாவது, ஒன்றாக நடத்த வேண்டும். மனிதருக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள் என்று உண்ணி பிரித்துக் கடிப்பதில்லை.

விவசாயப் பெருமக்கள் அரசை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. மழை விட்டுப் புல் தழைக்கும் மாதங்களில் உண்ணி பெருகும். அதற்கு முன்பாகவே உங்கள் பால் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசி, ஒரு நாளைக் குறியுங்கள். பத்து வீடு சேர்ந்தால் பத்து வீட்டு மாடும் பிழைக்கும். மேய்க்கப் போகும் பிள்ளைகளும் கடிபடாமல் வீடு திரும்புவார்கள்.